சண்டை போட ஒரு ஆளு

வாய்யா பேராண்டி, உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். திண்ணையிலயே உக்காரு. பேண்ட்டுல புழுதி ஒட்டுனா உங்க கம்பெனி சீட்டைக் கிழிச்சிராது.

உங்க ஆச்சி சொன்னா, நீ மிஷின் செய்யுததுல உள்ள நீதி நியாயத்துல பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கியிருக்கியாமே. கம்பெனியே பாடம் நடத்தி, கம்பெனியே கேள்வி கேட்டு, கம்பெனியே பாஸும் போட்டுருச்சாக்கும். ராத்திரி தோசையைப் பிச்சுக்கிட்டே வீடியோவை ஓடவிட்டு, கடைசியில 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு அமுக்குனதுல நூத்துக்குத் தொண்ணூறா? சந்தோசம் ராசா. எங்க காலத்துல நியாயம் படிக்கணும்னா தெருவுல நாலு பேருகிட்ட ஏச்சு வாங்கணும், ஊர்க்கூட்டத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லாமப் பண்ணிட்டாக.

சிரிக்காத. கிழவனுக்கு மிஷினே ஆகாதுன்னு உங்கப்பன் சொல்லியிருப்பான். அவன் பேச்சைக் கேட்டு எது உருப்பட்டிருக்கு? நம்ம கிணத்து மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டரை மாட்டச் சொன்னதே நான்தான். த்ரீ ஃபேஸ் கரண்டைப் பகல்ல கொஞ்சம், ராத்திரியில கொஞ்சம்னு முறை வச்சு விட்ட காலம் உனக்குத் தெரியாது. சாமத்துல டார்ச் லைட்டும் கம்புமா வரப்புல போவேன். குறுக்க பாம்பு கிடக்கும். அதுவும் என்னைய மாதிரி தண்ணி தேடித்தான் வந்திருக்கும், பாவம். இப்பக் கட்டில்ல படுத்துக்கிட்டே நம்பரைப் போடுதேன். 'மோட்டார் ஓடுகிறது'ன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லுது. இத்தனை வருசக் குடித்தனத்துல உங்க ஆச்சி ஒரு நாளாவது இம்புட்டு மரியாதையாப் பேசியிருப்பாளா?

அந்த மோட்டார் மகராசியும் ஒரு தடவை பொய் சொன்னா. ஓடுது, ஓடுதுங்கா. தோட்டத்துக்குப் போய்ப் பாத்தா வாய்க்கால் காஞ்சு கிடக்கு, கத்தரிச் செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருக்கு. மோட்டார் ரூம் செவத்துல ஃபிட்டர் பய கரியால அவன் நம்பரை எழுதிப் போட்டிருந்தான். கூப்பிட்டு என் ஆத்திரம் தீருமட்டும் ஏசுனேன். சாயந்தரம் வந்தான். எலி வயரைக் கடிச்சிருக்கு. பெட்டிக்குள்ள இருக்கவளுக்கு எலி கடிச்சது எப்படித் தெரியும்? வயரை மாத்தினான், ஒரு காப்பியைக் குடிச்சான், போயிட்டான். மிஷின் தப்புப் பண்ணுச்சு, ஏச ஒரு ஆளு இருந்தான், ஏச்சு வாங்கிக்கிட்டு வந்து சரி பண்ணினான். இதுக்கு மேல என்ன நியாயத்தை உங்க வீடியோவுல சொல்லித்தந்தாக?

சரி, ரேஷன் கடைக்கு வா. 2017ல ஸ்மார்ட் கார்டு வந்தப்ப அதை மிஷின்ல காட்டினாப் போதும், அரிசி விழும். 2020 அக்டோபர்ல, 'ஒரே நாடு ஒரே ரேஷன்'னு வந்தப்ப, விரலை வைக்கணும்னு ஆச்சு. நல்ல திட்டந்தான், இல்லைங்கலை. பஞ்சம் பிழைக்கத் திருப்பூருக்குப் போனவன் அங்கனயே அரிசி வாங்கிக்கிடலாம். ஆனா மேலத்தெருக் கிழவி ஒருத்தி இருக்கா, கரிமூட்டம் போடுதவ. சீமைக்கருவேலத்தை வெட்டி, தூரைத் தோண்டி, அடுக்கி, மண்ணு பூசித் தீ வச்சு, ஆறுன பெறவு வெறுங்கையால கரியைப் பொறுக்குத வேலை. அதுக்கு முந்தி தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குனவ. அவ விரல்ல ரேகை எங்கிட்டு இருக்கும்? ரேகை பாக்குதவன் வந்தாலே அவ கையைப் பாத்துட்டுக் காசு வாங்காமப் போயிருவான்.

அந்த மிஷின் என்ன செய்யுதுன்னு நீதான் எனக்கு விளக்குன. விரலைப் படம் பிடிச்சு அனுப்புமாம், ஆதார்ல ஏற்கெனவே பதிஞ்சு வச்சதோட ஒத்துப் பாப்பாகளாம், 'ஆமா', இல்லைன்னா 'இல்லை'ன்னு ஒத்தை வார்த்தையில பதில் வருமாம். நம்ம கோடாங்கி எம்புட்டோ தேவலை. கேட்டா 'இருக்கு, ஆனா ஒரு சின்னத் தடை தெரியுது'ம்பான், மனுசன் பிழைக்க ஒரு சந்து விடுவான்.

கிழவி பெருவிரலை வச்சா. இல்லை. சேலையில துடைச்சு வச்சா. இல்லை. 'ஆச்சி, தேங்காயெண்ணெய் தடவிட்டு வை'ன்னாரு சேல்ஸ்மேன். 'எண்ணெய் வச்சா வழுக்கும், ஈரத்துணியால துடை'ன்னா பின்னால நின்னவ. ஆளுக்கொரு வைத்தியம். விரல் பத்தும் வச்சுப் பாத்தாச்சு. அந்த சேல்ஸ்மேனுக்கு அவளைத் தெரியும், அவ பேத்திக்கு எந்த ஊர்ல மாப்பிள்ளை பாத்திருக்குங்கறது வரைக்கும் தெரியும். என்ன பிரயோசனம்? பெங்களூர்லயும் மானேசர்லயும் இருக்குற ஆதார் பெட்டிகளுக்கு அவளைத் தெரியலையே.

நீ வாயைத் திறக்குமுன்ன நானே சொல்லிருதேன். கைரேகை விழலைன்னா போனுக்கு ஓடிபி வரும், அதை வச்சுக் கொடுக்கலாம். பெறவு கண்ணைப் பாக்குற கருவியும் வச்சாக. வழி இருக்கு. போனு அவ மகன்கிட்ட இருக்கு, மகன் சிவகாசியில இருக்கான். கண்ணுல புரை விழுந்திருக்கு. 'மறு நாளைக்கு வா ஆச்சி'ன்னா, மறு நாளைக்கு வந்தா ஒரு நாள் கூலி போச்சு. எல்லா வழியும் காகிதத்துல நேராத்தான் ஓடும், நடந்து பாக்குதவளுக்குத்தான் முள்ளு தெரியும்.

இந்த மிஷினை ஏன் கொண்டாந்தாகங்கறதையும் மறைக்க மாட்டேன். முந்தி வாங்காத சீனிக்கு வாங்குனதாப் போன்ல மெசேஜ் வந்துச்சு. எவனோ எவளோ பேருல மூட்டை மூட்டையாப் போச்சு. அதைத் தடுக்கணும்ல. ஆனா பாரு, ஆளைப் பாக்குற மிஷின் அரிசியைப் பாக்காது. விரல் சரியா விழுந்தவனுக்கும் எடை குறையலாம். பெறவுதான் தராசையும் மிஷினோட இணைக்க ஆரம்பிச்சாக. எதை முதல்ல செஞ்சிருக்கணும்? கிழவியைச் சந்தேகப்படுததுக்கு மொத மிஷின், தராசைச் சந்தேகப்படுததுக்கு ரெண்டாவது மிஷின். வரிசையைப் பாத்தியா?

அந்தக் காலத்துல அவ எப்படிச் சண்டை போடுவாங்கறே! அரைக் கிலோ குறைஞ்சா கடை வாசல்ல நின்னு மண்ணை அள்ளித் தூத்துவா. சேல்ஸ்மேனோட பாட்டன் பூட்டன் எல்லாரும் வரிசையா வந்து போவாக. அந்த வாய்க்குப் பயந்தே அவளுக்கு மட்டும் எடை சரியா விழும். இப்ப அந்த மனுசன் ரெண்டு கையையும் விரிச்சு, 'நான் என்ன ஆச்சி செய்ய, மிஷின் எடுக்கலை'ங்காரு. அவரு சொல்லுதது பொய்யும் இல்லை. அவளும் அள்ளுன மண்ணைக் கையில வச்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் பாக்கா. யார் மேல போட?

இங்க எப்படியும் அவளுக்கு அரிசி கிடைச்சிரும். நம்ம ஊர்ல ஏழை பணக்காரன்னு பிரிக்காம ரேஷன் கார்டு இருக்கு, நாலு பேரு பேசுவாக, தலையாரி வருவான், ஏதாவது நடக்கும். ஜார்க்கண்டுல 2017ல, சிம்டேகா ஜில்லாவுல, ஆதார் இணைக்கலைன்னு ஒரு குடும்பத்தோட ரேஷன் கார்டையே அடிச்சுட்டாக. அந்த வீட்டுல பதினோரு வயசுப் பிள்ளை செத்துப்போச்சு. பசியாலன்னு தாய் சொன்னா. மலேரியான்னு அதிகாரிக சொன்னாக. எதனால செத்துச்சுங்கறதுக்குச் சண்டை போட அங்க ஆளு கிடைச்சாக. கார்டை அடிச்சப்ப யாரும் கிடைக்கலை.

நூறு நாள் வேலைக் கதையைச் சுருக்கமாச் சொல்லுதேன், நீளமாச் சொன்னா எனக்கே எரிச்சல் வரும். 2023 சனவரி ஒண்ணாம் தேதியில இருந்து போன்ல போட்டோ எடுத்துத்தான் வருகை போடணும்னு ஆச்சு, காலையில ஒண்ணு, பெறவு ஒண்ணு. கண்மாய்க்குள்ள டவர் எடுக்காது. பொறுப்பாளர் பிள்ளை போனைத் தூக்கிக்கிட்டுக் கரையில ஏறி இறங்கும். வேலையை முடிச்ச பொம்பளையாளுக ரெண்டாவது போட்டோவுக்காகக் கருவேல நிழல்ல குத்தவச்சுக் காத்துக்கிடந்தாக. எதுக்கு இம்புட்டும்? பொய்க்கணக்கு எழுதக்கூடாதுன்னு. கடைசியில பழைய போட்டோவையே போட்டோ எடுத்து ஏத்துதாகன்னு 2025 ஜூலையில டெல்லி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டுச்சு. வேர்வை சிந்துனவளுக்கு டவர் கிடைக்கலை, வராதவனுக்குப் போட்டோ விழுந்துருச்சு. கெட்டிக்காரன் எந்த மிஷினுக்குள்ளயும் நுழைஞ்சு வெளிய வந்திருவான் பேராண்டி. வாசல்ல மாட்டிக்கிட்டு முழிக்கது எப்பவும் யோக்கியந்தான்.

'நம்ம நாடு அப்படித்தான் தாத்தா, வெள்ளைக்காரன் ஊர்ல இப்படி நடக்குமா'ன்னு உன் மனசுக்குள்ள ஓடுது, முகத்துலயே தெரியுது. நம்ம ரிட்டையர் போஸ்ட் மாஸ்டர் டீக்கடையில பேப்பர் படிச்சுச் சொன்ன கதையைக் கேளு. அவரு சொல்லும்போது அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு. கல்லாவுல அஞ்சு ரூவா குறைஞ்சாலே ராத்திரி தூங்காத மனுசன்.

பிரிட்டன்ல சின்னச் சின்ன போஸ்ட் ஆபீசை ஒப்பந்தத்துக்கு எடுத்து ஒரு கடைக்குள்ள வச்சு நடத்துவாக. ஒரு பக்கம் ஸ்டாம்பு, பென்ஷன், மறுபக்கம் ரொட்டி, மிட்டாய். 1999ல இருந்து அத்தனைக்கும் 'ஹொரைசன்'னு ஒரு கம்ப்யூட்டர் கணக்கு வந்துச்சு, ஃபுஜிட்சு கம்பெனிது. கல்லாவை எண்ணுனா, மிஷின் சொல்லுத தொகைக்கும் கையில இருக்குததுக்கும் இடிக்கும். ஆயிரக்கணக்குல குறையும். குறையை நடத்துதவர் கைக்காசுலதான் கட்டணும், ஒப்பந்தம் அப்படி. கட்டுனாக. இருந்ததை எல்லாம் வித்துக் கட்டுனவக உண்டு. உதவிக்குன்னு ஒரு போன் நம்பர் இருந்துச்சு. கூப்பிட்டா, 'உங்களுக்கு மட்டுந்தான் இப்படி வருது, வேற யாரும் சொல்லலையே'ம்பாகளாம்.

1999க்கும் 2015க்கும் நடுவுல 900 பேருக்கு மேல திருடன்னும் பொய்க்கணக்குக்காரன்னும் தீர்ப்பாச்சு. பெரும்பாலும் கேஸ் போட்டது போஸ்ட் ஆபீஸே. அந்த நாட்டுக் கோர்ட்டும், கம்ப்யூட்டர் ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கும்னு எடுத்துக்கிட்டுத்தான் விசாரணையைத் தொடங்குமாம். மனுசன் கூண்டுல ஏறி சத்தியம் பண்ணணும், மிஷினுக்கு அது வேண்டாம், பாத்துக்கோ. கம்பெனி ஆளுக தூரத்துல இருந்தே அந்தக் கணக்குக்குள்ள கை வைக்க முடியும்ங்கறதையும் இல்லை இல்லைன்னு வருசக்கணக்குல சாதிச்சாக.

வேல்ஸ்ல லாண்டுட்னோன்னு ஒரு கடற்கரை ஊரு. அங்க ஆலன் பேட்ஸ்னு ஒருத்தர், உங்க மிஷின் கணக்கை ஒத்துக்கிட மாட்டேன்னு நின்னாரு. 2003ல அவரு ஒப்பந்தத்தை ரத்து பண்ணிட்டாக. மனுசன் விடலையே. மூலைக்கு ஒருத்தரா முடங்கிக் கிடந்தவகளைத் தேடித் தேடிப் பிடிச்சாரு. 555 பேர் சேந்து வழக்காடி, மிஷின்லதான் பிழைன்னு 2019ல தீர்ப்பு வாங்குனாக. அப்பவும் நாடு கொட்டாவி விட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. 2024 சனவரியில டிவியில நாடகமாப் போட்ட பெறவுதான் எல்லாரும் எந்திரிச்சு உக்காந்தாக. அந்த வருசமே பார்லிமெண்ட்ல சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமா ரத்து பண்ணினாக. குறைஞ்சது 13 பேரு இதனால உசிரை மாய்ச்சிருக்கலாம்னு 2025ல வந்த விசாரணை அறிக்கை சொல்லுது. அவகளுக்கு எந்தச் சட்டத்தைப் போட?

மிஷின்ல பிழைங்கறது எனக்குப் பெருசாப் படலை ராசா. உங்கப்பனைப் பெத்தவன் நான், பிழை வரும்னு எனக்குத் தெரியாதா? 'உங்களுக்கு மட்டுந்தான்'னு சொன்னாக பாரு, அந்த வார்த்தைதான் எனக்கு ராத்திரியெல்லாம் குடைஞ்சுச்சு. ரேஷன் கடை வரிசையில கிழவி கத்துனா நாப்பது பேரு திரும்பிப் பாப்பாக. 'எனக்கும் போன மாசம் விழலை'ன்னு ஒருத்தி சொல்லுவா. 'எங்க மாமியாளுக்கும்'ன்னு அடுத்தவ. அஞ்சு நிமிசத்துல அது ஊர் வழக்கா ஆயிரும், ஆர்.ஐ. ஆபீஸ் வரைக்கும் போயிரும். வரிசையில நிக்குதது கஷ்டந்தான், ஆனா நாம ஒத்தை ஆளில்லைன்னு தெரியுத இடமும் அதுதான். நீங்க அந்த வரிசையைத்தானே மொதல்ல ஒழிச்சீக? ஆளாளுக்கு ஒரு போன். அவனவன் கட்டில்ல படுத்துக்கிட்டு அவனவனுக்கு மட்டும் வந்த 'இல்லை'யைப் பாத்துக்கிட்டு, நம்மகிட்டத்தான் ஏதோ கோளாறுன்னு வாயைப் பொத்திக்கிட்டுக் கிடக்கான்.

இப்ப உன் வேலைக்கு வருவோம். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாதுன்னு மார்க்குப் போடுத மிஷின் செய்யுதன்னு உங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதான். கீழத்தெருப் பய ஒருத்தன் ஆட்டோ வாங்கக் கேட்டானாம், ரெண்டே நிமிசத்துல 'இல்லை'ன்னுருச்சாம். ஏன்னு கேட்டேன், அவனுக்குத் தெரியலை. உன்னைக் கேக்கேன், நீ சொல்லு.

'அது பல விசயத்தைச் சேத்துப் பாக்கும் தாத்தா, இன்னதாலதான்னு எங்களாலயே சொல்ல முடியாது'ங்கியா. அடி சக்கை. நம்ம பழைய வட்டிக்கடைக்காரரு இருந்தாரே, வாயைத் திறந்தா வசவு. 'உங்கப்பன் வாங்குனதே இன்னும் நிக்குது, நீ வேற வந்துட்டியா'ம்பாரு. பத்துப் பேரு முன்னால மானம் போகும். அந்த ஆளை நான் நல்லவருன்னு சொல்லமாட்டேன், கந்துவட்டியில எத்தனை வீட்டை முழுங்கியிருக்காரு. ஆனா அந்த வசவுலயே விசயம் இருக்கும். அப்பன் பாக்கியை அடைச்சா அடுத்த தடவை போய் நிக்கலாம். உன் மிஷின் வையாது, முகஞ்சுளிக்காது, 'தற்போது உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை'ன்னு பன்னீர் தெளிச்சுச் சொல்லும். பய என்னத்தைச் சரி பண்ணிக்கிட்டுத் திரும்ப வருவான்? பேரை மாத்தவா, ஊரை மாத்தவா?

என்னது? புகார் சொல்ல அதிகாரி உண்டா? ஆமா, 2022லயே ரிசர்வ் பேங்க்கு சொல்லிருச்சு, ஆப்புல கடன் கொடுக்குதவக குறைதீர்க்க ஒரு அதிகாரியை வச்சு, அவரு நம்பரைப் பளிச்சுன்னு போடணும்னு. போஸ்ட் மாஸ்டர் இதையும் சொல்லிட்டாரு. பயலோட போனை வாங்கித் தேடுனோம். பளிச்சுன்னுதான் இருந்துச்சு, அவரு மூக்குக்கண்ணாடியைப் போட்டுட்டு நாலு கதவைத் திறந்து உள்ள போன பெறவு. கூப்பிட்டேன். தமிழுக்கு ஒண்ணை அமுக்குன்னுச்சு, அமுக்குனேன். கடனுக்கு ரெண்டு, அமுக்குனேன். பாட்டுப் போட்டாக. பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. அது முடிஞ்சு, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்'ன்னுச்சு. யாருய்யா பேசுதது, எந்த ஊருன்னு கேட்டேன். மறுபடி பாட்டு. நம்ம மோட்டார்க்காரி எம்புட்டோ மேல், அவ பின்னால ஒரு ஃபிட்டராவது இருந்தான்.

உன்னைய வேலையை விடச் சொல்லலை. உன் சம்பளத்துலதான் இந்த வீட்டுக்கு ஓடு மாத்தியிருக்கு, அதுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு நான் தர்மம் பேசக்கூடாது. மிஷினே கூடாதுன்னும் சொல்லலை, என்னைய மறுபடியும் சாமத்துல பாம்புக்கு நடுவுல நடக்கவிட்டுறாதீக. உங்க ஆபீஸ்ல மிஷின் செய்ய உக்காரும்போது, இது யாருக்கெல்லாம் 'ஆமா' சொல்லும்னு படம் போட்டுக் காட்டுவீகளாமே, அதே மேசையில இது யாருக்கு 'இல்லை' சொல்லும், சொன்னா அவ எந்தப் பஸ்ஸைப் பிடிச்சு எங்க போய் யாரைப் பிடிப்பாங்கறதையும் ஒரு மத்தியானம் உக்காந்து பேசுங்க. காப்பி செலவு நான் தாரேன். அப்படியே ஒரு மாசம் வந்து நம்ம ரேஷன் கடை வாசல்ல நில்லு. ஏசி இல்லை. ஆனா பேச்சுக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு காரியம், ஏற்கெனவே பாதி முடிச்சுட்டேன். டீக்கடைக்குப் பக்கத்துல பஞ்சாயத்துச் செவரு சும்மாத்தானே கிடக்கு? பெயிண்டர் பயகிட்டச் சொல்லி வெள்ளை அடிச்சாச்சு. 'கடன் மிஷின் இல்லைன்னு சொன்னால் அணுகவும்'னு கொட்டை எழுத்துல எழுதிட்டான், அதுக்குக் கீழ உன் பேரும் எழுதியாச்சு. நம்பருக்குத்தான் இடம் விட்டிருக்கு.

ஏன் முகம் வெளுக்கு? தெனம் வேண்டாம், ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஒரு மணி நேரம். நம்ம சனந்தான், வாயிலதான் காரம். அந்த ஃபிட்டரு அஞ்சாப்பு தாண்டாதவன், அவனே கரியால நம்பரை எழுதிட்டுப் போயிட்டான். நீ இம்புட்டுப் படிச்சவன், பெயிண்டுலயே எழுதலாம்.

சொல்லு, எழுதிக்கிடுதேன். தொண்ணூத்தி நாலு... ம்... எட்டு... ஏழு... மெதுவாச் சொல்லு, ஓடுதியா? ம்... சரி... ம்... முடிஞ்சுதா?

ஏலே, எண்ணிப் பாத்தா ஒம்பதுதான் வந்திருக்கு. பத்தாவதைச் சொல்லு.